மாடன் கொடுத்த முடி

உச்சிமாகாளியின் வழுக்கையில் முடி முளைத்ததை முதலில் பார்த்தது அவர் பெண்டாட்டி விஜயம்தான். காலையில் கடைக்குக் கிளம்பி, வாசல்படியில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவரின் பின்னால் காப்பித் தம்ளரோடு வந்தவள், அதை நீட்ட மறந்துபோய் நின்றுவிட்டாள்.

"ஏங்க, அப்படியே குனிஞ்சு இருங்க. அசையாதிய."

"என்ன, பல்லியா?"

"பல்லியுமில்ல ஒண்ணுமில்ல. முடிங்க."

அவருடையது சாதாரண வழுக்கை இல்லை. திருவனந்தபுரம் சாலை மார்க்கெட்டில் உச்சி அண்ணாச்சியின் வாழையிலைக் கடை எது என்று கேட்டால், பெயரே சொல்லாமல் தலையைத் தடவிக் காட்டித்தான் வழி சொல்வார்கள். கல்யாணமான சில வருஷத்திலேயே நெற்றி மேலே ஏறத் தொடங்கி, மகன் வீரபாண்டி பள்ளிக்கூடம் போகிற காலத்தில் உச்சியும் காலியாகிவிட்டது. ஆனால் தலையில் போனதையெல்லாம் கடவுள் முகத்தில் கொட்டியிருந்தார். காலையில் சிரைத்தால் சாயங்காலம் கன்னம் சொரசொரக்கும். மீசையைப் பார்த்தே கடன்காரன் பாக்கியைக் கொடுத்துவிட்டுப் போவான் என்று கேலி பேசுவார்கள். இப்போது அந்தப் பளபளத் தலையில், வெயில் பட்டால் மட்டும் தெரிகிற மாதிரி, பச்சைப் பிள்ளைக்கு இருக்குமே அதுபோல மெல்லிசாகப் பூனைமயிர் படர்ந்திருந்தது.

விஜயம் விரலால் தடவிப் பார்த்தாள். "மாடசாமி கண்ணத் தொறந்துட்டாரு" என்று சொல்லிக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

உச்சிமாகாளி காப்பியை வாங்கி மடமடவென்று குடித்தார். நாக்கு வெந்தது. அவருக்கும் அழுகை வந்தது, ஆனால் அது வேறு அழுகை. அந்த முடி எங்கிருந்து வந்திருக்கும் என்று அவர் ஊகித்துவிட்டார்.

போன மழைக்காலத்துக்கு முந்தின மழைக்காலத்தில் இடுப்பில் வலி வந்தது. இலைக்கட்டு தூக்கிய வலி என்று தைலம் தேய்த்தார், உருவிவிடுகிற திருமல்காரனிடம் போனார், பிறகு உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே அந்தச் சோதனை இந்தச் சோதனை என்று அலைக்கழித்த கடைசியில், சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிற புராஸ்டேட் சுரப்பியில் புற்று, அது எலும்புக்கும் இறங்கிவிட்டது என்றார்கள். சொன்னவர் டாக்டர் பிரிஸில்லா. பாறசாலைப் பக்கத்துப் பெண், இவரிடம் தமிழிலேயே பேசுவார். விஜயத்தை மருந்துக்கடை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, அப்பாவும் மகனும் மட்டும் உள்ளே இருந்தார்கள்.

"இந்த நோய்க்குத் தீனியே ஆம்பிள ஹார்மோன்தான்பா" என்றார் டாக்டர். "அத நிறுத்துனா நோய் படுத்துரும். நிறுத்த ரெண்டு வழி. ஒண்ணு, காலமெல்லாம் ஊசி. தவறாம வந்து போட்டுக்கணும். இன்னொண்ணு ஆபரேஷன். ரெண்டு விதையையும் எடுத்துரணும். ஒரே தடவதான், அதோட தீந்தது."

வீரபாண்டி சுவரில் ஒட்டியிருந்த கண்தானப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். உச்சிமாகாளி மனசுக்குள் கணக்குப் போட்டார். ஊசி என்றால் தவணை தவறாமல் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வேண்டும். காலனியில் ஒருவன் இல்லாவிட்டால் ஒருவன், எதற்குப் போகிறாய் என்று கேட்பான். கத்தி என்றால் ஒருநாள் கூத்து. குடலிறக்கம் என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாமல் இருக்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக, திரும்பி வரமுடியாத வழியை அந்த மனுஷன் தேர்ந்தெடுத்தார். இதைப் புத்தி என்பதா, கிறுக்கு என்பதா?

ஏன் அவ்வளவு ரகசியம் என்றால், அதற்கும் காரணம் இருந்தது. சாலைக்குப் பின்னால், வாய்க்கால் கரைக் காலனியில் இருக்கிறவர்கள் பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கமிருந்து மூட்டை தூக்க வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை, ஊர்க் கோயிலில் பிடிமண் எடுத்து வந்து சுடலைமாடனுக்கு ஒரு பீடம் கட்டிக்கொண்டார்கள். சித்திரையில் அதற்குக் கொடை, காலனிக்கே திருவிழா. கொடையில் மாடன் இறங்குவது உச்சிமாகாளியின் உடம்பில். அதற்கு முன் அவர் அப்பா, அதற்கும் முன் பெரியப்பா. மாடனுக்கு ஆடுகிறவன் உடம்பில் குறை இருக்கக்கூடாது என்பது சட்டம். பெரியப்பா மரமில்லில் ஒரு விரலைப் பறிகொடுத்த வருஷமே வல்லயத்தைக் கீழே வைத்தார். அந்த ஈட்டியைப் பிடிக்க நாலு விரல் போதாதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அதன்பிறகு அவர் கொடை அன்றைக்கு வீட்டைவிட்டு வெளியே வந்ததில்லை, செத்தபோதுதான் வந்தார்.

ஒரு விரலுக்கே அந்தத் தண்டனை என்றால், இதற்கு என்ன? உச்சிமாகாளிக்கு யோசிக்கவே கூசியது. மார்க்கெட்டில் அவர் இலைக்காரர். பஸ்ஸில் ஏறினால் யாரோ ஒரு கிழவர். வருஷத்தில் அந்த ஒரு நாளில்தான் அவரை விழுந்து கும்பிடுவார்கள், குழந்தையைக் காலடியில் கிடத்துவார்கள். அது போனால் அவரிடம் மிச்சம் இருப்பது ஒரு இலைக்கத்தியும் ஒரு வியாதியும்தான்.

ஆபரேஷன் நடந்தது. பொய் சொல்லக்கூடாது, வலி போன வேகம் அவரையே ஆச்சரியப்பட வைத்தது. ஒரு வாரத்துக்குள் குச்சி இல்லாமல் நடந்தார். போன உயிர் திரும்பி வந்த மாதிரி விஜயம் பீடத்துக்கு முன்னால் தேங்காயாக உடைத்தாள். ஆனால் போக வேண்டியது மெதுவாகப் போய்க்கொண்டே இருந்தது. நெஞ்சு மயிர் உதிர்ந்து மழுமழுவென்று ஆனது. கன்னத்தில் சவரம் செய்ய அவசியமில்லாமல் போனது. திடீர் திடீரென்று உள்ளே அடுப்பைப் பற்றவைத்ததுபோல ஒரு சூடு நெஞ்சில் கிளம்பி முகத்துக்கு ஏறும். சட்டை நனைந்துவிடும். பெண்களுக்குத் தூரம் நிற்கிற வயதில் வருகிற அதே சூடுதான், பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். வீட்டில் அது வரும்போதெல்லாம் விஜயம் ஒன்றும் கேட்காமல் விசிறியை எடுத்து வீசுவாள். ஏன் கேட்கவில்லை என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. நம் ஆண்பிள்ளைகளுக்கு அதெல்லாம் யோசிக்க வராது.

முடி விஷயத்தை டாக்டரிடம் கேட்டது வீரபாண்டி. அதிலும் அவனுக்குத் தன் கவலைதான். முப்பது தாண்டியவுடனே அவனுக்கும் நெற்றி ஏறிக்கொண்டிருந்தது. செல்போன் கடையில் வேலை, கண்ணாடி இல்லாத சுவரே கிடையாது. எத்தனையோ களிம்பு, எத்தனையோ எண்ணெய்.

"அப்பாவுக்கு வளருது, எனக்குக் கொட்டுது. இதென்ன கணக்கு டாக்டர்?"

டாக்டர் சிரித்தார். "எல்லாம் ஒரே ஹார்மோனோட வேலதான் தம்பி. கன்னத்துல போய் வளரு வளருன்னு சொல்லும். உச்சியில போய், அதே ஹார்மோன் முடி வேரச் சுருக்கிச் சுருக்கிச் சின்னதாக்கிரும். வேரோட குணம் அப்படி, பரம்பரையா வாரது. அப்பாவுக்கு இப்ப அது நின்னுபோச்சு. அதான் கன்னம் வறண்டுது, தல லேசா துளிர்க்குது. எல்லாருக்கும் இப்படி வராது. இவருக்கும் இதுக்கு மேல பெருசா வளராது கேட்டோ."

"அப்ப எனக்கு?"

"உங்களுக்கு வேற மருந்து இருக்கு. அப்பாவோட வைத்தியம் வேண்டாம்."

வீரபாண்டி சிரித்துவிட்டு, அப்பா பக்கத்தில் இருப்பது நினைவு வந்து நிறுத்திக்கொண்டான். உச்சிமாகாளி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். தன் தலையில் முளைப்பது முடி இல்லை, தன்னிடமிருந்து எடுத்துப் போட்டதற்கான அடையாளம் என்று அவருக்கு அன்றைக்குத் தெளிவாகப் புரிந்தது.

ஆனால் காலனிக்கு அது புரியுமா? விஜயம் ஒருத்தியிடம் சொல்ல, அவள் பத்துப் பேரிடம் சொல்ல, சாயங்காலமானால் ஒரு கூட்டம் தலையைப் பார்க்க வந்தது. செத்துப் பிழைத்தவனுக்கு மாடன் முடியும் கொடுத்திருக்கிறார் என்று பேச்சு. சிலர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். விஜயத்தின் தம்பி இசக்கிதான் கோயில் பொறுப்பு. வெங்காயக் கடை, பெரிய தொண்டை, நல்ல மனசு, ஆனால் பிடித்தால் விடாதவன். இவருக்கு உடம்பு சரியில்லாததால் நின்றுபோயிருந்த கொடையை இந்தச் சித்திரையில் நடத்தியே தீருவது என்று அவன் எழுந்து நின்றான். அவனைக் கிளப்பிவிட்டதே விஜயம்தான். தினமும் தம்பி வீட்டுக்குப் போய், கொடைக்கு நாள் பார்த்தாயா, மேளத்துக்குச் சொன்னாயா என்று நச்சரித்தாள். அவள் இப்படி ஒன்றுக்காக அலைந்து உச்சிமாகாளி பார்த்ததே இல்லை.

அவர் ஒருநாள் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு வெங்காயக் கடைக்குப் போனார்.

"இசக்கி, இந்த வருஷம் நான் ஆடல. வேற யாரையாவது பாரு."

"என்ன அத்தான், வெளையாடுதியளா? வேற யாரு இருக்கா? வீரபாண்டி ஆடுவானா? அவனுக்குத் தமிழ்ல ரெண்டு வரி சேந்தாப்புல பேச வராது."

"உடம்பு முன்ன மாதிரி இல்லடே."

"முன்ன மாதிரி இல்லதான், முன்னைக்கு நல்லா இருக்கு. ஆளு செவந்து போயி இருக்கிய. இவ்வளவு செஞ்ச சாமிகிட்டப் போயி மாட்டேன்னு சொல்லுவியளா?"

சொல்லியிருக்கலாம். இன்னும் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். வெங்காயத் தோல் பறக்கிற அந்த இடத்தில், தராசுத் தட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆட்களுக்கு நடுவில், அந்த வாக்கியம் அவர் வாயில் வரவில்லை. ஒரு சுருள் இலை மாதிரித் தன்னைச் சுருட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்.

காப்புக் கட்டினால் ஆடுகிறவன் கத்தி படாமல் தாடி வளர்க்க வேண்டும். முன்பெல்லாம் கொடைக்குள் அது கறுத்து அடர்ந்து மாடன் மாதிரியே ஆகிவிடும். இந்தத் தடவை கன்னத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, பத்தாம் வகுப்புப் பையனுக்கு வருகிற மாதிரி நாலு இழை. மீசைகூடத் தொய்ந்து சன்னமாகிவிட்டது. முடிவெட்டுகிற தாசையனிடம் போய், ஏதாவது செய்ய வழி உண்டா என்று சுற்றி வளைத்துக் கேட்டார். தாசையன் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தான். "எத்தன வருசமா நான் இந்த முகத்துல கத்தி போடுதேன் அண்ணாச்சி. இதுல இனிக் கத்திக்கு வேல இல்ல" என்றான். அவன் வேறொன்றும் கேட்கவில்லை. கேட்காததே அவருக்குப் பெரிய உபகாரமாக இருந்தது.

கொடைக்கு முந்தின வாரம் ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்த்தார்கள். டாக்டர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. ஹார்மோன் இல்லாமலே வளர நோய் பழகிக்கொண்டுவிட்டது என்றார். நினைத்ததைவிட ரொம்பச் சீக்கிரம். மாத்திரை ஒன்று இருக்கிறது, கொஞ்ச காலம் பிடித்து நிறுத்தும், எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாது, கொடை கழிந்த திங்கட்கிழமை வாருங்கள், வீட்டு ஆட்களிடமும் பேச வேண்டும் என்றார்.

அப்பாவும் மகனும் ஆஸ்பத்திரிக்கு வெளியே பஸ்ஸுக்காக நின்றார்கள். உச்சிமாகாளிக்கு உலகத்தில் இனிமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. இதற்காகவா அதையும் கொடுத்தேன் என்ற ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்தது.

"அம்மாகிட்ட சொல்லாத. திங்கக்கிழம சும்மா செக்கப்புன்னு சொல்லிக்கிடலாம்."

"எத்தன நாளைக்குப்பா?"

"கொடை கழியட்டும்."

கொடை வந்தது. மாடனுக்கு மதியப் பூசை. சித்திரை வெயில் தகரக் கூரையில் பட்டு உள்ளே இருப்பவர்களை வேகவைத்தது. ஓலை மறைப்புக்குப் பின்னால் அவர் தனியாக நின்று மணி வைத்த அரைக்கால் சல்லடத்தை மாட்டி, கச்சையை இறுக்கினார். எப்போதும் இசக்கிதான் கட்டிவிடுவான். இந்த வருஷம் யாரையும் கிட்டே விடவில்லை. கடைசியில் விஜயம் மட்டும் கண்மை டப்பாவோடு வந்தாள். தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பி, சன்னமான மீசைக்கு மேல் மையால் பெரிய மீசை எழுதினாள்.

"கொஞ்சம் எடுப்பா இருக்கட்டும்" என்றாள்.

ஏன் இப்படி ஆயிற்று என்று அவள் அப்போதும் கேட்கவில்லை. அவருக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும்போல இருந்தது. வெளியே நையாண்டி மேளம் தொடங்கிவிட்டது.

முன்பெல்லாம் எப்படி என்றால், மேளம் ஒரு கட்டத்தைத் தாண்டும்போது காது அடைக்கும். பீடத்தில் எரிகிற பந்தம் பெரிதாகிக்கொண்டே வரும். அவ்வளவுதான் தெரியும். அடுத்து மஞ்சள்தண்ணீர் முகத்தில் விழும்போதுதான் முழிப்பு. நடுவில் என்ன ஆடினார், யாருக்கு என்ன குறி சொன்னார், ஒன்றும் தெரியாது. என்ன சொன்னிய தெரியுமா என்று கேட்பார்கள். ஒண்ணும் ஞாவகமில்ல என்பார். அது சத்தியமும் கூட.

இன்றைக்கு அவர் பீடத்துக்கு முன்னால் கைகட்டி நின்றார். வில்லுப்பாட்டுக்காரி மாடன் பிறந்த கதையைப் பாடி முடித்து, சாமியை அழைக்கிற வரத்துப் பாட்டுக்கு வந்தாள். மேளக்காரர்கள் அடி மாற்றினார்கள். காது அடைக்கவில்லை. தவில்காரன் வெற்றிலை மெல்லுவது தெரிந்தது. பின்னால் ஒரு குழந்தை ஐஸ் கேட்டு அழுவது கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, வா சாமி, இந்த ஒரு தடவை வா என்று கெஞ்சினார். ஒன்றும் வரவில்லை. உள்ளே வெறும் வீடு மாதிரி இருந்தது.

அப்போதுதான் அந்தச் சூடு கிளம்பியது. நெஞ்சிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து முகத்துக்கு. முகம் செக்கச்செவேல் என்று ஆனது. உடம்பெல்லாம் வேர்வை கொட்டியது. மயக்கம் வருகிற மாதிரி ஒரு அடி முன்னால் தடுமாறினார்.

"வந்துட்டாரு" என்றான் இசக்கி.

பெண்கள் குரவையிட்டார்கள். யாரோ குல்லாயைத் தலையில் மாட்டினார்கள், யாரோ வல்லயத்தைக் கையில் கொடுத்தார்கள். மேளம் வெறிகொண்டு ஏறியது. ஆஸ்பத்திரியில் சொன்ன அந்தச் சூட்டுக்கு முன்னால் காலனியே விழுந்து கும்பிட்டது. இல்லை, இது சாமி இல்லை என்று அந்த இடத்தில் எந்த மனுஷனால் சொல்ல முடியும்? கால்களுக்கு வழக்கம் தெரியும். அவை ஆடின. அவர் தன் கால்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் அதைவிட அருவருப்பான ஒன்றை அவர் செய்ததில்லை.

ஆடி முடித்து, திருநீற்றுக் கொப்பரைக்குப் பக்கத்தில் நின்றார். ஒவ்வொருவராகக் குறி கேட்க வந்தார்கள். மகளுக்கு மாப்பிள்ளை அமையவில்லை என்றாள் ஒருத்தி. விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை கிடைக்குமா என்று ஒருவன் கேட்டான். அவர் திருநீற்றை அள்ளிப் பூசி, நான் இருக்கேன், நான் பாத்துக்கிடுதேன் என்று சொல்லிச் சொல்லி அனுப்பினார். எல்லோரும் தெளிந்த முகத்தோடு போனார்கள். அது அவரை இன்னும் குத்தியது.

கடைசியில் விஜயம் வந்தாள். கூட்டம் அன்னதானப் பந்திக்கு நகரும்வரை அவள் காத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. கிட்டே வந்து, தலையைக் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகப் பேசினாள். அவரிடம் பேசவில்லை. அவருக்குள் இருக்கிறவரிடம் பேசினாள்.

"சாமி, அவரு உடம்புல கத்தி பட்டது எனக்குத் தெரியும். கட்டு மாத்தும்போதே பாத்துட்டேன். குடலிறக்கம்னு சொன்னாரு, சரின்னு கேட்டுக்கிட்டேன். குறையுள்ள ஒடம்புல இறங்கச் சொல்லுதோமேன்னு கோவிச்சுக்கிடாத. தண்டன உண்டுன்னா எனக்குக் குடு."

அவர் கையிலிருந்த வல்லயம் ஆடியது. அதன் மணி கிணுங்கியது. அவள் அதைச் சாமியின் பதில் என்று எடுத்துக்கொண்டு இன்னும் நெருங்கினாள்.

"அந்த டாக்டரம்மாகிட்ட நான் தனியாப் போய்க் கேட்டேன். இது சாமி குடுத்த முடி இல்ல, புத்துநோய்க்காக ஆம்பிளச் சத்த நிறுத்துனதால வந்த முடின்னு சொல்லிட்டா. எனக்கு யாரு சொல்லுதத நம்பன்னு தெரியல. உன்கிட்டக் கேக்கதுக்குத்தான் இந்தக் கொடையவே நடத்தச் சொன்னேன். எனக்குக் கேக்க வேற எடம் இல்ல. நீ சொல்லு. நீ குடுத்த முடின்னா அவரு பொழச்சுக்கிடுவாரு. இல்லன்னா இல்லன்னு சொல்லிரு. நான் மனசத் தேத்திக்கிடுவேன். இருக்கப்பட்ட நாள நல்லபடியா வச்சுக்கிடுதேன். அவருக்கு மட்டும் ஒண்ணும் தெரிய வேண்டாம்."

அவர் கையை அவள் தலையில் வைத்தார். அடர்த்தியான கூந்தல் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தார். விரலுக்கடியில் வகிடு அகன்று, மண்டைத் தோல் தட்டுப்பட்டது. அவளுக்கும் எப்போது இப்படிக் கொட்டியது? யாரும் அதைப் பார்க்கவில்லை, யாரும் அவளுக்கு விசிறவும் இல்லை.

இல்லை என்று சொல்ல வேண்டும். அவளே வழி வைத்திருக்கிறாள். ஒரே வார்த்தை. அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத் தெரிந்துகொண்டு ஒரே வீட்டில் இருக்கலாம். மிச்சமுள்ள நாளில் ஒருவரை ஒருவர் ஏமாற்ற வேண்டியதில்லை. அவர் வாயைத் திறந்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்ணைப் பார்த்ததும் அவருக்கு உள்ளே எல்லாம் உடைந்துபோயிற்று. தேற்றிக்கொள்வேன் என்று வாய்தான் சொன்னது. கண் பிச்சை கேட்டது.

"நான் குடுத்தது" என்றார், மாடனின் குரலில்.

அவள் அப்படியே அவர் காலில் விழுந்து கிடந்தாள். எழுந்து போகும்போது பத்து வயசு குறைந்தவள் மாதிரிப் போனாள்.

மஞ்சள்தண்ணீர் ஊற்றினார்கள். அவர் முழித்துக்கொள்கிறவர் மாதிரி முழித்தார். வேஷத்தைக் களைந்து, மை மீசையை அழித்து, பீடத்துக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். விஜயம் துண்டோடு வந்து தலையைத் துவட்டினாள். அந்தப் பூனைமயிரை ஒவ்வொன்றாக நிமிர்த்திவிடுகிற மாதிரி, அவ்வளவு பதமாகத் துவட்டினாள்.

"சாமி என்ன சொல்லிச்சுன்னு ஞாவகம் இருக்கா?"

"ஒண்ணும் ஞாவகமில்ல."

"நல்லதுதான் சொல்லிச்சு. நீங்க அதெல்லாம் கேக்கப்படாது." அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் பார்த்து எத்தனையோ மாதமாகிறது. "திங்கக்கிழம ஆஸ்பத்திரிக்கு நானும் வாரேன். என்னைப் பெஞ்சுல உக்கார வைக்காதிய. நானும் உள்ள வருவேன்."

"நீ எதுக்கு? சும்மா செக்கப்புதான்."

"சும்மாவே இருக்கட்டும். அந்த டாக்டரம்மாகிட்ட எனக்கு ஒரு வார்த்த சொல்லணும்."

"என்ன சொல்லணும்?"

"அவ ஒண்ணு சொன்னா. அது தப்புன்னு சொல்லணும்" என்றாள் விஜயம், துண்டை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே.